சுருங்கிய வரைபடமும் சமையலறையின் நீளமும்

எங்கள் வீட்டு வரைபடம் ஏ3 தாளில், 1:100 என்ற அளவில் வரையப்பட்டது. அதாவது தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 100 செ.மீ. அண்ணன் அதன் நகலை ஏ4 தாளில் எடுத்து வந்தார். சமையலறைக்குள் எழுதியிருந்த எண்கள் மங்கிப் போயிருந்ததால், அவர் ஸ்கேலை வைத்து 2.15 செ.மீ., 2.6 செ.மீ. என்று அளந்து, 100ஆல் பெருக்கி, சமையலறை ஏழடிக்கு எட்டரையடிதான் என்று முடிவு கட்டிவிட்டார். அன்று இரவு வீட்டில் ஒரே சண்டை.

பிழை பெருக்கலில் இல்லை, பெருக்கிய எண்ணில்தான் இருந்தது. ஏ3 தாளின் பக்கங்கள் 297, 420 மி.மீ.; ஏ4 தாளுக்கு 210, 297 மி.மீ. எனவே நகலில் ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய 0.707 மடங்காகச் சுருங்குகிறது. ஆனால் ஓரத்தில் அச்சாகியிருக்கும் '1:100' என்ற எழுத்து மட்டும் தன் பொருளை மாற்றிக்கொள்ளாமல் பொய் சொல்லிக்கொண்டு அப்படியே நிற்கிறது.

இத்தகைய தாளில் ஓரத்துக் குறிப்பை விட்டுவிட்டு, உண்மை நீளம் உறுதியாகத் தெரிந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்வதே சரி. எங்கள் மனை 30 அடிக்கு 40 அடி. 40 அடி என்பது 1219 செ.மீ.; தாளில் அந்தப் பக்கம் 8.6 செ.மீ. இருந்தது. வகுத்தால் கிடைப்பது 141.7. முப்பதடிப் பக்கமோ 6.5 செ.மீ.; 914ஐ அதால் வகுத்தால் 140.6, ஏறக்குறைய அதே எண்தான்; இரண்டுக்கும் நடுவே 141 என்று வைத்துக்கொண்டேன். வடிவொத்த உருவங்களில் ஒத்த பக்கங்களின் விகிதம் சமம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். இனி 2.15ஐ 141ஆல் பெருக்கினால் 303 செ.மீ., அதாவது பத்தடி, 2.6ஐப் பெருக்கினால் 367 செ.மீ., அதாவது பன்னிரண்டடி.

காரணியை, அதாவது பெருக்க வேண்டிய அந்த எண்ணை, கண்டுபிடிக்க நீளமான பக்கத்தையே நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்கேலைப் பார்க்கும்போது அரை மி.மீ. தவறுவது எவருக்கும் இயல்பு, 86 மி.மீ. கோட்டில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, ஆனால் மூன்றடிக் கதவு இந்தத் தாளில் ஆறரை மி.மீ. மட்டுமே என்பதால், அதைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் அதே அரை மி.மீ. எட்டு விழுக்காடு வரை இழுத்துவிட்டிருக்கும்.

பரப்பளவில்தான் இந்தப் பிழை உண்மையாகக் கடிக்கும். நீளம் 0.707 மடங்கானால் பரப்பு அதன் வர்க்கமாக, அதாவது பாதியாகக் குறைகிறது. அண்ணன் கணக்கில் சமையலறை 60 சதுர அடி, உண்மையில் 120. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் 15 போதும் என்று எழுதி வைத்திருந்தார். தேவைப்பட்டது 30, உடைசலுக்குத் தனி.

இரண்டு பக்கங்களிலும் ஒரே காரணி வந்ததால்தான் இந்த வழி கைகொடுத்தது. வரைபடத்தைச் சாய்வாகக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அருகிலுள்ள கோடு நீண்டும் தொலைவிலுள்ளது குறுகியும் போயிருக்கும். அதில் எந்த ஒற்றை எண்ணாலும் பெருக்க முடியாது. எங்கள் நகலிலோ '1:100' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 1:141 என்று எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, மங்காத மூலத்தைக் கொண்டு வரச் சொன்னார்.