கிளாம்ப் வாங்கும் முன் கூரையைப் பாருங்க

பல்லடம் பக்கம் மாமா தறிக்குடோனுக்கு சோலார் போடுகிறார். இந்த வாரம் முழுக்க வீட்டில் பேனலைக் கூரையில் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் பேச்சுதான். சீனாவிலிருந்து வரும், பேனலைத் தாங்கும் அலுமினிய ரெயில் செட் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ‘எல்லாக் கூரைக்கும் ஆகும்’ என்று சொன்னால் நம்பாதீங்க.

தகர ஷீட் என்றால் மேட்டுக்கு மேடு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து அனுப்பிவிட்டு விலை கேளுங்கள். திருகு ஷீட்டோடு நிற்காமல் அடியில் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினைப் பிடிக்க வேண்டும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வேகம் நமக்குத் தெரியாததா? திருகின் தலைக்கு அடியில் ஈபிடிஎம் என்கிற, வெயில் தாங்கும் ரப்பர் வாஷர் கட்டாயம். மட்டமான ரப்பர் வெயிலில் வெடித்துவிடும், அப்புறம் ஐப்பசி மழையில் தறியிலிருக்கும் பாவு நூல் நனையும்.

ஓட்டு வீட்டுக்கு, ஓட்டுக்கடியில் விட்டு ரெயிலைத் தாங்கும் கொக்கி. வெளிநாட்டு ஓட்டுக்கு அளவெடுத்ததை நம்ம மங்களூர் ஓட்டுக்கடியில் விட்டால் ஓடு தூக்கிக்கொண்டு நிற்கும். மாதிரிக்கு ஒன்று வாங்கிப் பொருத்திப் பாருங்கள். அதைத் திருகுவதும் ஓடு உட்காரும் மெல்லிய ரீப்பரில் இல்லை, அதற்கடியிலிருக்கும் கனமான கைமரத்தில்.

மொட்டை மாடிக்கு இறக்குமதியே வேண்டாம் என்பேன். கோயமுத்தூரில் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு ஸ்ட்ரக்சர் அடித்துத் தர ஆளா இல்லை?

பேனல் பிரேம் 30 மி.மீ.யா 35ஆ என்று கேட்காமல், வரிசையின் கடைசிப் பேனலின் ஓரத்தைப் பிடிக்கும் எண்ட் கிளாம்ப் விலை சொல்பவரிடம் மட்டும் வாங்காதீங்க. ஓட்டு வீட்டில் போட்டவர்கள் யாராவது இருந்தால், எந்தக் கொக்கி என்று சொல்லுங்களேன்.