பத்து நாள் கணக்கு

கென்யாவின் நைரோபியில் இரண்டு நாள் அலுவலகக் கூட்டம் என்று முடிவானபோது விசாவைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி நினைவிலேயே இல்லை. பயணத்துக்கு ஆறு நாளே இருந்த நிலையில் விசாரித்தபோதுதான், ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்று தெரிந்தது. இந்தியாவிலிருந்து செல்பவரிடம் கென்யா இச்சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. கென்யாவிலிருந்து திரும்புபவரிடம் இந்தியாதான் கேட்கிறது. இல்லையென்றால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். பயணத்தைத் தள்ளிவைத்தேன்.

"காமாலைக்கு எதற்கடா ஊசி? கீழாநெல்லி போதாதா?" என்றார் அம்மா. கண் மஞ்சளாவது இரண்டுக்கும் பொது என்றாலும், இது ஏடிஸ் கொசு பரப்பும் வைரஸ் நோய் என்று விளக்க வேண்டியிருந்தது.

தடுப்பூசி மையத்தில் பாஸ்போர்ட்டின் அசலைக் கேட்டார்கள்; முட்டை ஒவ்வாமை உண்டா, வேறு மருந்து ஏதும் உட்கொள்கிறேனா என்றும் விசாரித்தார்கள். ஒரே குப்பியில் பலருக்கான மருந்து இருப்பதாலும், கரைத்தபின் 6 மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும் என்பதாலும், ஆட்களைச் சேர்த்து ஒரே வேளையில் போடுகிறார்கள். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரவைத்து, சான்றிதழான மஞ்சள் அட்டையைக் கொடுத்தார்கள். 2016 ஜூலை முதல் உள்ள விதிப்படி அது ஆயுள் முழுவதும் செல்லும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று முதலில் சலித்துக்கொண்டது உண்மை. ஆனால் வைரஸ் உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட 3 முதல் 6 நாள் ஆகும் என்பதையும், அதற்குள் ஒருவர் எவ்வித அறிகுறியுமின்றி விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்துவிடலாம் என்பதையும், டெங்குவைப் பரப்பும் அதே கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வளர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த 6 நாள் எங்கிருந்து வந்தது என்பது புரிந்தது. 2016இல் அங்கோலாவிலிருந்து சீனா திரும்பிய 11 பேரிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. நல்லவேளையாக அங்கே பரவவில்லை. சிக்குன்குனியா விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் நமக்கு வாய்க்கவில்லை. 2004இல் கென்யக் கடற்கரையில் தலைதூக்கிய தொற்று, கொமோரோஸ், ரீயூனியன் தீவுகளைச் சூழ்ந்தது. அதே ஆப்பிரிக்க வகை வைரஸ் 2006இல் தமிழ்நாட்டையும் முடக்கியது. அதைத் தடுக்க அன்று ஊசியும் இல்லை, அட்டையும் இல்லை. அந்த ஆண்டு அம்மா மாதக்கணக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

ஊசி போட்ட பதினான்காம் நாள் திரும்பினேன். குடியேற்றச் சோதனைக்கு முன்பே இருந்த சுகாதார மேசையில் அட்டையின் தேதியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர் ஊசி போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. "இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே, சார்" என்று அதிகாரி மென்மையாகச் சொல்லி, அவரை ஓரமாக உள்ள நாற்காலியில் உட்காரச் சொன்னார். தள்ளிப்போடாமல் கிளம்பியிருந்தால் அந்த நாற்காலியில் நான் இருந்திருப்பேன்.