திங்கட்கிழமைக் கூடுகை

குமரி மாவட்டத்தில் ஒரு போதகர் தனிமையில் வாடுகிறார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 சதவீதத்தினர் கிறிஸ்தவர்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வருகிறவருக்கு சி.எஸ்.ஐ. ஆலயம், கத்தோலிக்கக் குருசடி, இரட்சணிய சேனை, லுத்தரன் சபை, பெந்தெகொஸ்தே ஜெபவீடு என்று ஒன்று மறைவதற்குள் மற்றொன்று கண்ணில் படும். ஆலயங்களும் ஊழியர்களும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் மண்ணில், தன் மனப்பாரத்தை இறக்கி வைக்க ஒரு போதகருக்கு ஆள் கிடைப்பது அரிது என்பதே இத்தனை ஆண்டுப் பணியில் நான் கண்டது.

சபையாரிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. வீட்டில் காய்ச்சல் என்றால் சொல்லலாம். கஞ்சியும் பயறும் வந்து சேரும். ஆனால் சில வாரங்களாக ஜெபிக்க வாய் வரவில்லை என்றோ, கமிட்டி உறுப்பினர் ஒருவரின் பைக் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குகிறது என்றோ சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு அவர்கள் முன்பாகவே பிரசங்கபீடத்தில் ஏறி நிற்பது எளிதன்று. அலுவல்முறைப் போதகர் கூட்டங்களிலும் இதற்கு இடமில்லை. அங்கே சுற்றறிக்கை வாசிக்கப்படும், நிலுவைத் தொகை கேட்கப்படும், பிறகு நல்ல சாப்பாடு கிடைக்கும். அருகில் அமர்ந்திருப்பவர் அடுத்த இடமாற்றத்தில் நம்முடைய சபைக்கே வரக்கூடியவர். மேடையில் இருப்பவர் அந்த இடமாற்றத்தில் கையெழுத்திடுகிறவர். அப்படிப்பட்ட அறையில் எவரும் தன் பலவீனத்தை மேசைமேல் வைக்கமாட்டார். இதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. நிர்வாகத்துக்கென்று கூட்டப்படும் கூட்டத்தில் நிர்வாகம்தான் நடக்கும்.

இந்தத் தனிமை நம் மாவட்டத்துச் சீர்திருத்தத் திருச்சபை வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 1806-இல் மயிலாடிக்கு வந்த லண்டன் மிஷனரி சங்கத்து ஊழியர் ரிங்கல்தௌபே, உடன் மிஷனரி ஒருவரும் இல்லாமல் ஏறக்குறைய பத்தாண்டுகள் பாடுபட்டு, உடல்நலம் கெட்டு 1816-இல் புறப்பட்டுப் போனார். அவருடைய முடிவு எங்கே, எப்படி நேர்ந்தது என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை. இடைக்காலத்தில் சபைகளைத் தாங்கி நின்றவர் மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம். பிறகு 1818-இல் மிஷனரி சார்லஸ் மீட் வந்து பணியைத் தொடங்க, மறு ஆண்டே சார்லஸ் மால்ட் அவருடன் வந்து சேர்ந்தார். பள்ளிகளும் அச்சகமும் பெண்களின் லேஸ் வேலையும் அதன் பின்னரே வேரூன்றின. ரிங்கல்தௌபேயின் தியாகத்தைப் பிரசங்கங்களில் நாம் நிறையச் சொல்கிறோம். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் அவர் இன்னும் சில ஆண்டுகள் இங்கே இருந்திருப்பாரோ என்று மட்டும் கேட்பதில்லை.

எங்களுடைய திங்கட்கிழமைக் கூடுகையை யாரும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது மேற்கு வட்டாரங்களில் ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்து, பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். எங்கள் இழப்பே பெரிதென்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில், தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி வந்தது. அரிசியும் போர்வையும் சேர்த்துக்கொண்டு வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த நாங்கள் சிலர் ஒரே வேனில் கடற்கரைக்குப் போனோம். அங்கே ஒரு பங்குத்தந்தை, கையில் நோட்டுப் புத்தகத்துடன், வந்தவர் வராதவர் பெயர்களை அடித்தும் திருத்தியும் எழுதிக்கொண்டிருந்தார். எங்களில் மூத்தவர் அவரிடம், “ஃபாதர், நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை; நோட்டை மூடி வைத்துவிட்டு, வேனின் படியில் அமர்ந்து வெகுநேரம் அழுதார். அத்தனை வீடுகளிலும் ஆறுதல் சொல்லிவந்தவரிடம் அதுவரை அந்தக் கேள்வியை எவரும் கேட்டிருக்கவில்லை. திரும்பி வரும் வழியில், நாம் மாதத்தில் ஒரு நாளாவது சந்தித்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. ஞாயிறு முழுவதும் ஓடிய போதகருக்குத் திங்கள்தான் ஓய்வு என்பதால் திங்கட்கிழமை என்று முடிவாயிற்று.

வீடு மாற்றி வீடு கூடுகிறோம். கட்டஞ்சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் போதும் என்பது ஏற்பாடு. அதைப் பெரும்பாலான வீடுகள் மதிப்பதில்லை என்பது வேறு. தலைவர், செயலர், பொருளாளர் எவரும் இல்லை. பதவி என்று ஒன்றை உண்டாக்கிவிட்டால் தேர்தல் வரும், தேர்தல் வந்தால் அணி வரும். இந்த மாவட்டத்தில் சபை வளர்த்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஒருவர் தன் சபையாரைப் பற்றிப் பேசினால் பெயர் சொல்லக்கூடாது. வாட்ஸ்அப்பில் கூடும் இடத்தையும் நேரத்தையும் தவிர எதுவும் எழுதக்கூடாது.

ஜெபம் கடைசியில்தான் என்ற வழக்கம் மட்டும் சிலருக்கு நெருடலாக இருந்தது. எங்கள் தொழிலுக்கே உரிய ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஒருவர் வாய் திறந்து பாதி சொல்வதற்குள், “ஜெபித்துக்கொள்வோம்” என்று கண்ணை மூடிவிடுவோம், அல்லது ஒரு வசனத்தை எடுத்து அந்த வாயை அடைத்துவிடுவோம். ஒருமுறை இளம் போதகர் ஒருவர் தன் வீட்டுக் கடனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்படி ஒருவர் தொடங்க, “பாஸ்டரே, ஜெபம் பொறவு பண்ணலாம், அவரு சொல்லித் தீரட்டும்” என்று மூத்தவர் தடுத்தார். அன்று கேட்ட கதை கடனோடு நிற்கவில்லை. அவர் ஊழியத்தையே விட்டுவிட எண்ணி, ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தார்.

ஐக்கியம் என்பது பேச்சோடு முடியாமல் வேலையைப் பங்கிடுவது வரை போகும்போதுதான் எனக்கு அதில் நம்பிக்கை பிறந்தது. ஒரு டிசம்பரில் எங்களில் ஒருவருடைய மனைவி திருவனந்தபுரத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கேரல் பவனியும் பண்டிகை ஆராதனைகளும் திருமணமும் நெருக்கியடிக்கும் மாதம். அவருடைய வேலைகளை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தபோது எங்கள் சபைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் சடங்காக அனுசரிக்கப்படுவதில்லை. ஆகவே அந்தச் சேனையின் ஊழியரான எங்கள் மேஜரை அந்தப் பீடத்தில் நிறுத்த முடியாது. பெந்தெகொஸ்தே சகோதரர் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காதவர். கடைசியில் திருவிருந்தையும் ஞானஸ்நானத்தையும் அந்தத் திருச்சபையிலேயே ஓய்வுபெற்ற ஐயர் (போதகரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் ஏற்றார். பெந்தெகொஸ்தே சகோதரர் நோயாளிகளின் வீடுகளைச் சந்தித்தார். மேஜர் மருத்துவமனை வராந்தாவில் இரவுக் காவல் இருந்தார். எனக்குக் கிடைத்தது அசனம் என்னும் சபை விருந்தின் கணக்கும் அதையொட்டிய சண்டையும். வேற்றுச் சபைக்காரர்கள் இங்கே எதற்கு என்று கமிட்டியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது உண்மை. ஆனால் இரண்டாவது வாரத்தில் அதே ஆட்கள் மேஜருக்குத் தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினார்கள்.

உபதேச வேறுபாட்டை மறைத்துவிட்டால்தான் ஐக்கியம் வரும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யாருக்கு எதைச் செய்ய மனச்சாட்சி இடம் தராது என்பது வெளிப்படையாகத் தெரிந்ததால்தான் அந்தப் பங்கீடு நடந்தது. மேலும், வேறு சபைக்காரரிடம் மனம் திறப்பதே எளிது என்பதையும் அனுபவத்தில் கண்டேன். என் இடத்துக்கு அவர் வரப்போவதில்லை. அவர் இடத்துக்கு நானும் போகப்போவதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது இந்த ஏற்பாடு கடினமான சோதனைக்கு உள்ளாயிற்று. மாதச் சம்பளம் பெறும் எங்களுக்கு அது தாமதமாகவேனும் வந்தது. ஞாயிற்றுக் காணிக்கையை மட்டுமே நம்பியிருந்த தனிச்சபைப் போதகர்களுக்கு, வழிபாட்டுத் தலங்கள் மீண்டும் திறக்கும் வரை வருமானமே இல்லை. அவர்கள் கேட்கமாட்டார்கள், கொடுத்தால் வாங்கவும் கூசுவார்கள். ஆகவே எங்கள் வாலிபர் கூட்டங்களுக்குக் கைப்பேசி வழியாக வேதபாடம் நடத்த அவர்களை அழைத்து, வழக்கமாகப் பிரசங்கம் செய்ய வருகிறவருக்குக் கொடுக்கும் காணிக்கை என்ற பெயரில் தொகையை அனுப்பினோம். நடந்தது என்ன என்பது இரு தரப்புக்கும் தெரியும். எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

குறைகளும் உண்டு. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். இளையவர்களுக்குத் திங்கட்கிழமை பிள்ளைகளின் பள்ளி, இணையவழிப் படிப்பு, யூடியூபுக்குக் காணொளி தயாரிப்பு என்று போய்விடுகிறது. இரண்டு மூன்று பேர் ஒரு சர்ச்சையில் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். போய் அழைத்தும் வரவில்லை.

போதகரம்மாக்களை, அதாவது எங்கள் மனைவியரைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. இடமாற்றம் வரும்போதெல்லாம் சமையலறையை மூட்டை கட்டுகிறவர்களும், வாசலுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சிரித்த முகம் காட்டுகிறவர்களும் அவர்களே. எங்கள் கூடுகைக்குத் தேநீர் போட்டுக்கொடுத்துவிட்டு உள்ளறையில் இருந்தவர்கள், கடந்த ஆண்டு தக்கலையில் தங்களுக்கென்று ஒரு கூடுகையைத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்குச் சமையல் எங்கள் பொறுப்பு. அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால், அதுவும் வெளியே சொல்லக்கூடாத கூட்டம்தான் என்று பதில் வருகிறது.