திரும்பிப் போன ஹெலி

மச்சானின் வெட்டு மெசின் பெல்ட் அறுந்து வயலுக்குள் நின்றுவிட்டது. கிளிநொச்சிக்குப் புதுப் பெல்ட் வாங்கப் போன பெடியன் வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. வட்டக்கச்சியில் சந்திக் கடையொன்றில் ஆளுக்கொரு பிளேன்ரீயோடு குந்தியிருந்தோம். நெல் அருவி வெட்டுக் காலம். கடையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால்வரை சேறு. நவம்பர் வெள்ளம் அழித்தது போக மிஞ்சியதைத்தான் வெட்டுகிறார்கள். அதனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் வெள்ளத்தில் போய்த்தான் முடியும்.

அன்றைக்குக் கலா ஓயா ஆற்று வெள்ளத்தில் போய் முடிந்தது. டித்வா புயலின்போது அங்கே அகப்பட்ட பேருந்துப் பயணிகள், ஏறக்குறைய 70 பேர், ஒரு வீட்டுக் கூரையில் ஏறி இருந்தார்களே, அந்தக் கதை. கடைசியில் கடற்படையின் படகுகள்தான் அவர்களை மீட்டன. அதற்கு முன்னம் ஒரு ஹெலி வந்தது. வந்து, திரும்பிப் போனது.

"மேல வந்து நிண்டிட்டுப் போட்டான். பைலட் பயந்திட்டான்" என்றார் ஓர் ஐயா.

கடையே என் பக்கம் திரும்பியது. ஊரில் எனக்குப் பெயர் 'கனடாவில ஹெலி ஓட்டுற பெடியன்'. வயது 39. பரவாயில்லை, பெடியன்தான்.

சரி, சொல்லத்தான் வேணும் என்று கிளாசைக் கீழே வைத்தேன். ஹெலி அந்தரத்தில் நிற்பது சும்மா நிற்பதல்ல. தன் பாரத்தைத் தாங்கும் அளவுக்குக் காற்றை ஓயாமல் கீழே தள்ளிக்கொண்டிருந்தால்தான் நிற்கலாம். 5 தொன் எடையும் 15 மீற்றர் விசிறியும் உள்ள ஹெலி என்றால், கீழே இறங்கும் காற்று மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தைத் தொடும். அந்தக் காற்றைத்தான் வெள்ளத்தில் ஊறிய சுவரின்மேல் நிற்கும் கூரைக்கு, அதுவும் 70 பேர் ஏறியிருக்கும் கூரைக்கு, மேலே கொண்டுவந்து பிடிக்கிறீர்கள். கூரை பிய்ந்து பறக்கப் பார்த்தது, அதனால் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தனை பேர் கை காட்டிக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது என்ன லேசா? நானென்றால் இன்னும் பத்தடி இறங்கிப் பார்த்திருப்பேனோ என்று எனக்கே என்னில் நம்பிக்கை இல்லை.

"மீளக்குடியேறேக்க தந்த தகரம் சோளகத்துக்கே பறந்தது, மறந்து போச்சே?" என்று மச்சான் துணைக்கு வந்தான். ஐயா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அதுவும் சரிதான்" என்றார்.

அந்தக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுத்தீ அணைக்கும் முகாம் ஒன்றுக்கு ஒரு விடியற்காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு போனேன். இறங்குமிடம் சமையல் கூடாரத்துக்குப் பக்கத்தில். எட்ட இறங்கியிருக்கலாம். ஆனால் சேறு, ஆட்களை நடக்கவைக்க மனமில்லை, நேற்று வந்த பைலட்டும் அங்கேதான் இறங்கினாராம். நேற்று வந்தது என்னுடையதைவிடச் சின்ன ஹெலி, அதுவும் வெறுமையாக வந்தது என்பதை ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் கூடாரத்தின் ஒரு மூலை கிளம்பியது. பிறகு முழுதும் எழும்பி, குடை மடங்குவது போல மடங்கிப் பற்றைக்குள் போனது. 40 பேருக்குக் கரைத்து வைத்திருந்த பான்கேக் மாவு சமையற்காரரின் நெஞ்சிலும் தாடியிலும். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் கோடை முடியும்வரை அந்த மனிதர் என் தட்டில் முட்டையை வைக்கும்போது என் முகத்தைப் பார்த்ததே கிடையாது. முட்டையும் எப்போதும் ஆறித்தான் இருக்கும்.

அன்றிலிருந்து இந்தத் தொழிலில் நான் மிகவும் பயப்படும் வசனம் இதுதான்: "நேற்று மற்றப் பைலட் செய்தவர் தானே."

முகாமில் பின்னேரங்களில் பைலட்மார் கூடி இருந்தால் வீரக்கதை பேசுவார்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். பேசுவது சாப்பாடு, நுளம்பு, முதுகு நோ. முதுகு நோவுக்குக் காரணம் உண்டு. 30, 40 மீற்றர் நீளக் கயிற்றின் நுனியில் சாமான் தொங்கும்போது அது எங்கே நிற்கிறது என்று பார்க்க, பக்கக் கண்ணாடியால் தலையை வெளியே சரித்துக் கீழே பார்த்தபடிதான் மணிக்கணக்கில் ஓட்டவேண்டும். கழுத்து ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருப்பவரைக் கண்டால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று எங்களுக்குக் கேட்காமலே தெரியும். தீக்குத் தண்ணீர் அள்ளுவதும் அப்படித்தான். வாளி கயிற்றில் தொங்கும், ஏரியில் முக்கி எடுக்கவேண்டும். ஒரு லீற்றர் ஒரு கிலோ, கணக்குச் சுலபம்.

சாப்பாடு, நுளம்பு, முதுகு முடிந்தால் பிறகு பாரம். உண்மையில் எங்கள் பேச்சில் பாதி பாரம்தான், அதிலும் முக்கால்வாசி ஆட்கள் பாரத்தைப் பற்றிச் சொல்லும் பொய். நான் ஓட்டும் ஏஸ்டார் என்ற ஹெலி, பாரத்தை உள்ளே ஏற்றினால், எல்லாம் சேர்ந்து 2,250 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஹெலி, எரிபொருள், நான், ஆட்கள், பைகள் எல்லாம் அதற்குள். வெயில் ஏறினாலோ மலை உயர்ந்தாலோ காற்று மெலியும், அப்போது அந்த அளவுகூடத் தூக்காது. இது தெரியாமல் ஆட்கள் தங்கள் எடையைக் கேட்டால் கலியாணத்துக்கு முந்தின எடையைச் சொல்வார்கள். எல்லாரிலும் மோசம் புவியியல் ஆய்வுக்காரர்கள். காலையில் 15 கிலோவாகப் போன பை பின்னேரம் வரும்போது கல்லு நிரம்பி 40 கிலோ இருக்கும். முகத்தை மட்டும் அப்பாவி போல வைத்துக்கொண்டு, சும்மா இறகைத் தூக்குகிற மாதிரி ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவார்கள். கழுத்து நரம்பு புடைப்பதை நாங்கள் பார்ப்பதில்லை என்று நினைப்பு.

இதைச் சொன்னதும் கடையில் நல்ல சிரிப்பு. "இஞ்ச மறுவளம். யாவாரி தராசு கூட்டிக் காட்டாது. மூட்டைக்கு இவ்வளவு கழிவெண்டு வெட்டிப்போட்டுத்தான் நிறுப்பான்" என்றான் மச்சான். பிறகு அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. ஈரம் காயாத வயலுக்குள் மெசினை இறக்கமாட்டேன் என்று அவன் திரும்பி வந்தால் வயற்காரர் ஏசுவாராம். என்ன சொல்லி? "பக்கத்து வயலுக்கு நேற்று மற்ற மெசின் இறங்கி வெட்டினது தானே." பக்கத்து வயல் மேட்டுக்காணி, இவருடையது பள்ளம். ஒருமுறை ஏச்சுக்குப் பயந்து இறக்கிவிட்டு, இரண்டு உழவு இயந்திரம் கட்டி இழுத்தும் வராமல் மூன்றாம் நாள்தான் வெளியே எடுத்தானாம். அந்த மூன்று நாள் வாடகையும் அவனுக்குத்தான் நட்டம், வயற்காரருக்கல்ல. இருவருக்கும் ஒரே தொழில்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். வித்தியாசம், அவன் புதைவான், நான் விழுவேன்.

விழுவதைப் பற்றியும் கேட்டார்கள், கேட்காமல் விடுவார்களா. எஞ்சின் நின்றால் கல்லு மாதிரி விழுமா? விழாது, கையிலிருக்கும் நெம்பை உடனே இறக்கினால். இறங்கும்போது கீழேயிருந்து வரும் காற்றே விசிறியைச் சுற்றவைக்கும், பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. அந்தச் சுழற்சியைச் சேமித்து வைத்திருந்து நிலத்துக்குக் கிட்ட வந்ததும் செலவழித்து இறங்கவேண்டும். ஆனால் பயிற்சிக்கு ஓட்டும் சின்ன ஹெலிகளில் நெம்பை இறக்குவதற்குக் கிடைக்கும் நேரம் இரண்டு செக்கன்கூட இல்லை. யோசித்தால் போச்சு.

அந்தப் பயிற்சிக்கே ரொறன்ரோவில் ஒன்பது வருடம் இரவு வேலை செய்து சேர்த்த காசு போனது. கனடாவில் வணிக உரிமம் எடுக்க ஆகக்குறைந்தது 100 மணித்தியாலம் பறக்கவேண்டும். எடுத்துக்கொண்டு போனால் ஒருவரும் ஹெலியைத் தரமாட்டார்கள், தும்புத்தடியைத்தான் தருவார்கள். இரண்டு வருடம் ஹெலிக் கொட்டகை கூட்டினேன், ஹெலி கழுவினேன், எண்ணெய் லொறி ஓட்டினேன். எல்லாரும் அந்த வழியால் வந்தவர்கள்தான், அதனால் இரக்கமும் கிடையாது.

எனக்கு அதில் ஒரு வாய்ப்பு, எண்ணெயைப் பற்றி எனக்கு முன்னமே தெரியும். காட்டுக்குள் எரிபொருளை 205 லீற்றர் பரல்களில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். பரலை நிமிர்த்தி வைத்தால் மேலே மழைத்தண்ணீர் தேங்கி மூடியால் உள்ளே இறங்கும், ஆகவே படுக்க வைக்கவேண்டும், இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் நிற்கிற மாதிரி. பாவிக்கும் முன் நிமிர்த்தி, அடியில் ஒரு தடியைக் கொடுத்துச் சரித்து, தண்ணீரும் ஊத்தையும் பள்ளப்பக்கம் அடையும்வரை பொறுத்து, மேட்டுப்பக்கத்தால்தான் பம்ப் குழாயை விடவேண்டும். முதலில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துச் சுழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கவேண்டும்.

முதல்நாள் ஒரு மூத்த பைலட் இதைக் காட்டித் தந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்பா உழவு இயந்திர மெக்கானிக். 1996இல் யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்துக்குப் போய் மரத்துக்குக் கீழே கராச் போட்டார். பொருளாதாரத் தடைக்காலம், பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் இருக்கும் சாமான். இரண்டு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடும். அந்த மண்ணெண்ணெயிலும் தண்ணீர் கலந்திருக்கும். அப்பா அதை ஒரு வெள்ளைப் போத்தலில் விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி, வெயிலுக்கு நேரே பிடிப்பார். "பார், அடியில மீன் கண் மாதிரி நிக்குது" என்று எனக்குக் காட்டுவார். பத்து வயது எனக்கு. கனடாக் காட்டுக்குள் அந்தப் போத்தலின் அடியிலும் அதே மீன் கண் நின்றது.

அம்மாவுக்குத் தெரிந்தது வேறு பாடம். அந்த நாட்களில் சத்தத்தை வைத்தே எந்த ஹெலி என்று பிரிப்பார். "டப் டப் எண்டால் ஓடவேண்டாம், பாப்பம். உறுமிக்கொண்டு வந்தால் பங்கர்." எங்களுக்கு அவர் சொன்னது சட்டம். இருபது வருடத்துக்குப் பிறகு வகுப்பில் இருந்து விசிறித் தகடுகளைப் பற்றிப் படிக்கும்போதுதான் விளங்கியது. பெல் 212க்கு இரண்டே தகடு, ஒவ்வொன்றும் காற்றைத் தனித்தனியே அறையும். தாக்குதல் ஹெலியான எம்ஐ-24க்கு ஐந்து, அறைகள் நெருங்கி உறுமலாகிவிடும். அம்மா படித்தது எட்டாம் வகுப்பு.

இன்றைக்கும் நான் வட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். "வடிவாயிருக்கு, மலையெல்லாம் தெரியுது" என்பார். வெள்ளத்தின்போது ஊருக்கு மேலால் ஹெலி போன நாட்களில், உதவிக்கு வந்தவைதான் என்று தெரிந்தும், உலையில் அரிசி போடாமல் கையில் சுளகோடு அப்படியே நின்றாராம். தங்கச்சி சொன்னாள். நான் அதைப்பற்றி அம்மாவிடம் கேட்கவில்லை.

பெல்ட் வந்தது, அளவு பிழை. மச்சான் பெடியனை ஏசிவிட்டுத் தானே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

நேற்றிரவு பெட்டி கட்டினோம். ஏப்ரலில் தீக்காலம் தொடங்க முன்னம் நான் அங்கே நிற்கவேண்டும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ. "நான் தூக்கிப் பாத்தனான், இருவத்திமூண்டுதான் வரும்" என்றார் அம்மா, ஒற்றைக் கையால் தூக்கியும் காட்டினார். எனக்கு அந்தத் தூக்கல் தெரியும். மச்சான் வீட்டு நெல்லுத் தராசில் கொண்டுபோய் வைத்தால் 31. மிளகாய்த்தூளில் கை வைக்கக்கூடாது, அது இந்தமுறை இடித்தது. ஒடியல் அக்காவுக்கு. புழுக்கொடியல் அக்காவின் பிள்ளைகளுக்கு. நல்லெண்ணெய்ப் போத்தல் யாருக்கென்று சொல்லவில்லை, ஆனால் அதுவும் போகவேண்டும். கடைசியில் என் சப்பாத்தும் இரண்டு ஜீன்ஸும் குளிர்ச்சட்டையும் வெளியே வந்தன. 24 நின்றது.

"இன்னும் ஒரு கிலோ குறைக்கவேணும் அம்மா."

"உந்த ஒரு கிலோவுக்கு ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றார். "போன வருசம் அக்கா கொண்டு போனவ தானே."