நகரத்பேட்டையில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன்

பௌர்ணமி வந்தால் எங்கள் ஸ்ரீராமபுரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு வேன் கிளம்பிவிடும். ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகப் போய், 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, மறுநாள் வேலைக்குத் திரும்பிவிடுவோம். பெங்களூர்த் தமிழர்களில் பாதிப் பேருக்குப் பழகிய பாதை அது. ஆனால் வருடத்தில் ஒரு பௌர்ணமிக்கு மட்டும் நான் அந்த வேனில் ஏற மாட்டேன். அன்றைக்கு இங்கேயே, பெங்களூரின் பழைய பேட்டைத் தெருக்களில், திரௌபதி அம்மனைப் பூக்கரகமாகத் தலையில் சுமந்து வரும் கரகத் திருவிழா.

இந்த வருடம் அம்மாவையும் ஊரிலிருந்து வரவழைத்திருந்தேன். எங்களுக்குச் செஞ்சி பக்கம். திரௌபதி அம்மன்தான் எங்கள் ஊரின் மூச்சு. கொடியேறிவிட்டால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசுக்கு நட்ட மரத்தில் ஏறிக் கூத்துக்காரர் பூவும் எலுமிச்சம் பழமும் வீசுவார். கீழே பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் தொடையைப் பிளந்த பிறகுதான் அம்மன் கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி. இதைப் பார்த்தே அறுபது வயதைத் தாண்டிய அம்மாவிடம், "பெங்களூர்லயும் திரௌபதி அம்மன் இருக்காம்மா" என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "அங்க ஏதுடா அவ?" என்றார்.

நகரத்பேட்டையை ஒட்டிய திகளர்பேட்டையில் இருக்கிறது தர்மராயசுவாமி கோயில். கார்ப்பரேஷன் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம். கோயில் தருமர் பெயரில் இருந்தாலும் திருவிழா திரௌபதிக்குத்தான். எங்கள் பக்கத்திலும் பல ஊர்களில் திரௌபதி கோயிலைத் தருமராஜா கோயில் என்றே சொல்வதால் அம்மாவுக்கு இதில் வியப்பே இல்லை. சன்னிதியில் கும்பிட்டுவிட்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் போலப் படியோரம் உட்கார்ந்துவிட்டார்.

கரகம் எடுப்பவர்கள் திகளர்கள். வன்னிகுல க்ஷத்ரியர் என்று சொல்லிக்கொள்கிற சமூகம். தோட்டமும் பூவும்தான் அவர்களுடைய பரம்பரைத் தொழில். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த ஒரு பேச்சு அவர்கள் வீடுகளில் உண்டு. பக்கத்தில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, அம்மாவின் பேச்சைக் கேட்டதும் திரும்பி, "எந்த ஊரும்மா உங்களுக்கு?" என்றார். "செஞ்சி பக்கங்க" என்று அம்மா சொன்னதும் கையிலிருந்த சரத்தில் ஒரு முழம் கிள்ளித் தந்தார். அதன் பிறகு அவர்கள் இருவர் பேச்சில் எனக்கு இடமே இல்லை.

அந்தப் பெரியம்மாதான் கதையைச் சொன்னார். பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போகும் வழியில் திரௌபதி பின்தங்கி மயங்கி விழுந்துவிடுகிறாள். கண் விழித்தால் எதிரே ஓர் அசுரன். உடனே பெரிய உருவம் எடுத்துத் தன் உடம்பிலிருந்தே வீரகுமாரர்களை உண்டாக்கி அவனை அழிக்கிறாள். வேலை முடிந்து அவள் கிளம்பும்போது பிள்ளைகள், "எங்களை விட்டுட்டுப் போகாதே அம்மா" என்று அழுகிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வந்து உங்களோடு இருப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த வாக்குப்படி வருகிற ராத்திரிதான் கரகம். எங்கள் ஊரில் கதை குருக்ஷேத்திரத்திலும் கூந்தல் முடிப்பிலும் நின்றுவிடும். அதற்கு அப்புறமும் அம்மன் பிள்ளைகளைத் தேடி வருகிறாள் என்ற பகுதி அம்மாவுக்குப் புதிது. கேட்கக் கேட்கக் கண் கலங்கினார்.

கரகம் சுமப்பவர் ஆண். ஆனால் அந்த நாட்களில் அவர் அம்மனேதான். மஞ்சள் சேலை, கையில் வளையல், கழுத்தில் தாலி. மனைவியின் தாலியையே வாங்கி அணிந்துகொள்கிறார். விழா முடியும் வரை வீட்டை விட்டுக் கோயிலிலேயே விரதம் இருக்கிறார், மனைவி அவரைப் பார்ப்பதில்லை. கரகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். கொடியேற்றம் முதல் பல நாள் நடக்கும் விழாவில், பழைய சம்பங்கி ஏரிக்கரையில் நடக்கும் பூஜையும் ஒன்று. ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா மைதானம் இருக்கிறது. இந்தச் சடங்குக்காக ஒரு சின்னக் குளம் மட்டும் அங்கே மிஞ்சியிருக்கிறது. ஊர் மாறிக்கொண்டே போனாலும் அம்மனுக்கான தண்ணீரை மூடாமல் விட்டார்களே, அதை நினைத்து ஒவ்வொரு முறையும் மனசுக்குள் கும்பிடுவேன்.

நள்ளிரவு தாண்டியது. தெருவே மல்லிகை வாசம். மோர், பானகம், கோசம்பரி என்று வாசலுக்கு வாசல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கூட்டம் அலை மாதிரி எழுந்தது. வெற்று மார்பும் தலைப்பாகையுமாக, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் கோயிலிலிருந்து வெளியே பாய்ந்தார்கள். நடுவே கோபுரம் போலக் குவிந்த மல்லிகைக்குக் கீழே அம்மன். கரகத்தைக் கையால் பிடிக்கவே இல்லை. அது தலையில் தானாக நிற்க, அடி எடுத்து ஆடி வந்தார். கரகம் சரிந்தால் வீரகுமாரர்கள் சுமப்பவரையே வாளால் குத்திவிட வேண்டும் என்பது பழைய கட்டளையாம். நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "கோவிந்தா! கோவிந்தா!" என்று தெருவே அதிர்ந்தது.

எங்கள் ஊரில் தீக்குழிக்குள் கால் வைக்கும்போதும் எழுவது இதே கோவிந்தாதான். திரௌபதி மானத்தைக் காத்த அண்ணனின் பெயர் அது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தார். "எங்கம்மாடா... எங்கம்மாதான்டா இவ" என்றார். கூட்டத்தில் பூ வீச முடியாமல், பெரியம்மா தந்த அந்த முழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கரகத்தோடு நாங்களும் நடந்தோம். பெங்களூரில் எத்தனையோ தெருக்களை ஆபீஸ் போகிற அவசரத்தில் கடக்கிறேன். இந்த ஒரு ராத்திரிதான் கெம்பேகவுடா 1537ல் எழுப்பிய பேட்டை எப்படி இருந்திருக்கும் என்று காலுக்குத் தெரியும்.

காட்டன்பேட்டைக்கு வந்ததும் கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போனது. காலம் காலமாக இப்படித்தான். தர்காவைச் சேர்ந்தவர்கள் அம்மனை வரவேற்று மரியாதை செய்து அனுப்புகிறார்கள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் இதுதான் கரகத்தின் உச்சம் என்று எனக்குத் தோன்றும். மத ஒற்றுமை என்று எல்லோரும் இதைப் புகழ்வார்கள், சரிதான். அம்மாவோ அதை ஒரு விசேஷமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "நம்ம முத்தால் ராவுத்தர் மாதிரி" என்றார் சாதாரணமாக.

இத்தனை வருடம் கரகம் பார்த்தும் எனக்கு அது தோன்றியதில்லை. எங்கள் பக்கத்துத் திரௌபதி கோயில்களில் வாசலில் காவல் தெய்வமான போத்துராஜா நிற்பார். கொஞ்சம் தள்ளி முத்தால் ராவுத்தர் இருப்பார். அம்மனுக்குக் காவலாக நிற்கும் முஸ்லிம் பக்தர் அவர். அவருக்குப் படையல் போடாமல் திருவிழா நிறைவாகாது. திரௌபதி இருக்கும் இடத்தில் அவளுக்கு ஒரு முஸ்லிம் அண்ணனோ தம்பியோ இருப்பது செஞ்சியிலும் வழக்கம், பெங்களூரிலும் வழக்கம். அதைப் பெரிய வார்த்தை எதுவும் இல்லாமல் ஒரு வரியில் சொல்லிவிட்டு, அம்மா தர்கா வாசலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். இது சைத்ர மாதப் பௌர்ணமி, நம் தமிழ்க் கணக்குப்படி சில வருடம் பங்குனியிலேயே வந்துவிடும், நாள்காட்டியில் சித்திரைப் பௌர்ணமியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வயதானவர்களோடு போனால் கோயில் வாசல் நெரிசலுக்கு ஆசைப்பட வேண்டாம். ஊர்வலம் போகும் பேட்டைத் தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை கேளுங்கள், மனமுவந்து கொடுப்பார்கள். கரகம் கோயிலுக்குத் திரும்பும்போது விடிந்திருக்கும், அப்போது கூட்டம் குறைந்து தரிசனம் நிதானமாகக் கிடைக்கும். நாங்களும் அப்போதுதான் இரண்டாம் தடவை கும்பிட்டோம். பெரியம்மாவுக்கு எங்கள் ஊர்த் தீமிதித் தேதியை அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில்தான் தங்கப்போகிறார்கள்.