அதிட்டானத்தின் குறுக்குவெட்டு: நான்காவது முயற்சியில் கிடைத்த கோடு

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் தெற்கு அதிட்டானத்துக்கு (சுவரைத் தாங்கும் கல் அடித்தளத்துக்கு), கீழ்ப்பகுதியின் நேர்முகப் பட்டையான ஜகதியின் அடியிலிருந்து, மேற்பகுதியில் பிதுங்கி நிற்கும் பட்டிகையின் மேல்விளிம்பு வரை, நம்பி அச்சிடக்கூடிய ஒரு வெட்டுக்கோடு நேற்றிரவு கிடைத்துவிட்டது. 1:10 அளவில் அச்செடுத்து, இன்று காலை கோயிலுக்கே கொண்டுபோய், கல்லின் அருகில் அமர்ந்து ஒவ்வொரு அங்கமாக நாடாவால் அளந்து சரிபார்த்தேன். எங்கும் 2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இல்லை. இதற்கு முன் வரைந்த மூன்று கோடுகளும் பார்வைக்கு இதைவிட அழகாக இருந்தன, ஆனால் மூன்றுமே தவறானவை. அவை ஏன் தவறின என்பதை, இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், விரிவாக எழுதிவைக்கிறேன்.

பல கோணப் படங்களைக் கணினியில் இணைத்து முப்பரிமாண மாதிரி உருவாக்கி, அதை வெட்டிக் கோடு எடுப்பதே என் முறை. படம் எடுத்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், கல்லிலிருந்து 1.2 மீட்டர் தூரம். இந்தக் கணக்கில் ஒரு பிக்சல் கல்லில் சுமார் 0.2 மி.மீ. ஆகிறது. வெயில் விழுமுன் காலை ஆறரைக்குள் மூன்று வரிசையாக 118 படங்கள் எடுத்தேன். படங்களின் சீரமைப்பும், கல்லின் பரப்பைப் புள்ளிகளாகக் காட்டும் அடர் புள்ளித்திரளும் கோல்மேப் மென்பொருளில் செய்தவை. இதே வகை மென்பொருளான 3டிஎஃப் ஸெஃபிரின் இலவசப் பதிப்பில் குறுக்குவெட்டுக் கருவிகளைப் பழகிப் பார்க்க நினைத்தேன், ஆனால் 50 படங்கள் என்ற அதன் வரம்பு ஒரு முழு அங்கணத்துக்கு (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு) போதவில்லை. விளக்கேற்றும் இடத்தில் ஜகதியின் மீது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கல் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பு, படத்துக்குப் படம் இடம் மாறித் தெரிவதால், அங்கே புள்ளிகள் சிதறிவிட்டன. வெட்டுத்தளத்தை அந்த இடத்திலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டேன்.

கோல்மேப் தரும் உருவத்துக்கு அளவு கிடையாது என்பதால், அலுமினியச் சட்டத்தில் இரண்டு குறிகளை ஒட்டி, அவற்றின் மையங்களுக்கு இடையில் 800 மி.மீ. வரும்படி செய்திருந்தேன். மாதிரியில் அந்தத் தூரம் 1.8734 என்று வந்தது. ஆகவே மீட்டரில் பெற 0.42703 ஆல் பெருக்கினேன். தனியாக வைத்திருந்த 500 மி.மீ. சட்டம் அதன்பின் 499.6 என்று காட்டியது எனக்கு நிறைவளித்தது. குறிகளை அச்சிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் முதலில் ஒரு நகலெடுக்கும் கடையில் அச்சிட்டபோது, தாளுக்குள் அடங்கும்படி அவர்கள் சற்றுச் சுருக்கிவிட்டார்கள், அது எனக்குத் தெரியவுமில்லை. இப்போது சன்போர்டில் ஸ்டிக்கர் ஒட்டித் தரும் கடையில் செய்துகொள்கிறேன். வெறும் தாளைப்போல அது ஈரத்தில் உப்புவதில்லை. அங்கேயும் அச்சிட்ட அளவை நம்பாமல், ஒட்டி முடித்த பிறகு மையத்துக்கு மையம் எஃகு அளவுகோலால் அளந்த எண்ணையே பயன்படுத்துகிறேன்.

முதல் தவறு செங்குத்தைப் பற்றியது. ஜகதியின் முகம் நேராகத்தான் நிற்கும் என்று எண்ணி, புள்ளித்திரளைக் கையாளும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் அந்த முகத்துக்கு ஒரு தளம் பொருத்தி, அதையே செங்குத்தாகக் கொண்டு முழு மாதிரியையும் திருப்பினேன். வந்த கோட்டில் பட்டிகையின் விளிம்பு, ஜகதியின் அடியைவிட 20 மி.மீ. மட்டுமே முன்னால் நின்றது. கோயிலில் பட்டிகை விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூலுக்கும் ஜகதியின் அடிக்கும் இடையில் 48 மி.மீ. இருந்தது. 28 மி.மீ. எங்கே போயிற்று என்று இரண்டு நாட்கள் தேடினேன். மறுபடி கோயிலுக்குப் போய், ஒரு மீட்டர் ரசமட்டத்தின் இரு முனைகளிலும் குறி ஒட்டி, அதைச் செங்குத்தாக நிறுத்திப் படத்துக்குள் சேர்த்து, அந்த இரண்டு குறிகளைக் கொண்டு மாதிரியைத் திருப்பியபோதுதான் உண்மை தெரிந்தது. ஜகதியின் முகம் 1.4 பாகை வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கிறது. 1.15 மீட்டர் உயரத்தில் 1.4 பாகை என்பது சரியாக அந்த 28 மி.மீ. தான். ஆக, கல்லின் சாய்வை நானே மென்பொருளில் நிமிர்த்திவிட்டிருந்தேன். தரை அமர்ந்ததால் வந்த சாய்வானாலும் வேறு காரணத்தால் வந்த சாய்வானாலும், அது கட்டடத்தின் வரலாற்றில் ஒரு பகுதி. அதை அழிக்கும் உரிமை வரைபவனுக்குக் கிடையாது.

இடம் வலமான திருப்பத்துக்கு மட்டும் ஜகதியின் முகத்தையே இன்னும் நம்புகிறேன். அங்கே பிழை அவ்வளவு கொடியதல்ல. தளம் சுவருக்குச் செங்கோணமாக இல்லாமல் 10 பாகை விலகினால்கூட, 300 மி.மீ. பிதுக்கம் 4.6 மி.மீ. தான் கூடுதலாகத் தெரியும்.

இரண்டாவது தவறு கேமராவின் உயரம். புள்ளிகளை ஒரே பரப்பாக இணைக்கும் புவாசோன் முறையில் மெஷ் (முக்கோண வலைப்பரப்பு) செய்து, மெஷ்லேப் மென்பொருளில் சமதள வெட்டு எடுத்தவுடன், ஒரே இழையாக வழவழப்பான கோடு வந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்துதான் போனேன். ஆனால் பட்டிகைக்குக் கீழே, கண்டம் என்ற உள்வாங்கிய பகுதி தொடங்கும் மூலையில், கல் செங்கோணமாக மடங்குகிறது என்பதை என் விரலே அறியும். கோட்டிலோ அந்த இடம் சட்டியின் அடிபோல வளைந்திருந்தது. நின்ற உயரத்திலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் பட்டிகையின் அடிப்பக்கமும், ஜகதிக்கு மேல் பிதுங்கும் குமுதத்தின் அடிப்பக்கமும் விழவில்லை. புள்ளியே இல்லாத இடத்தைப் புவாசோன் தன்போக்கில் நிரப்பிவிடுகிறது, அப்படி நிரப்பியதற்கு அடையாளமும் வைப்பதில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கேமராவை அண்ணாந்து பிடித்து மேலும் 46 படங்கள் எடுத்தேன். அதோடு, புள்ளி அடர்த்தியை மெஷ்ஷின் ஒவ்வொரு முனையிலும் எண்ணாகப் பதியும் வசதியைக் கிளவுட்கம்பேரின் புவாசோன் கருவியில் இயக்கி, அடர்த்தி குறைந்த பரப்புகளை வெட்டி எறிந்தேன். கோடு இப்போது இரண்டு இடங்களில் அறுந்து வருகிறது. அந்த இடைவெளிகளை விட்டுக்கோடாகவே (துண்டு துண்டான கோடாக) வரைகிறேன்.

மூன்றாவது முயற்சியில் மெஷ்ஷையே விட்டுவிட்டு, புள்ளித்திரளிலிருந்து நேராகக் கோடு எடுக்கலாம் என்று இறங்கினேன். என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். கிளவுட்கம்பேரின் குறுக்குவெட்டுக் கருவியில் பெட்டியின் தடிமனை 20 மி.மீ. என்று வைத்தால், கோட்டுக்குப் பதிலாகப் பட்டை வருகிறது. அந்த 20 மி.மீ.க்குள் கல்லின் சொரசொரப்பும், ஜகதியில் வெட்டியிருக்கும் கல்வெட்டு எழுத்தின் பள்ளமும் சேர்ந்து, பட்டை ஐந்தாறு மில்லிமீட்டர் அகலமாகிவிடுகிறது. விளிம்புக்கோடு அந்தப் பட்டையை இருபுறமும் சுற்றி ஓடுவதால், ஒரு கல்லுக்கு இரண்டு கோடுகள். தடிமனை 3 மி.மீ. ஆக்கினால் பட்டை மெலிகிறது, ஆனால் புள்ளிகள் குறைகின்றன. அப்போது விளிம்பின் உச்ச நீளத்தை 5 மி.மீ. என்று கொடுத்தால் கோடு நாற்பது துண்டாகிறது. 15 மி.மீ. என்று கொடுத்தாலோ, கண்டத்துக்குக் கீழுள்ள கம்பு என்ற மெல்லிய பட்டைக்கும் குமுதத்துக்கும் இடையில் இருக்கும் 12 மி.மீ. பள்ளத்தின் மேல் கோடு பாலம் போட்டுத் தாண்டிவிடுகிறது. பள்ளமே காணாமல் போகிறது! இந்த இரண்டு எண்களையும் மாற்றி மாற்றி ஒரு வாரம் ஓட்டினேன். 4 மி.மீ. தடிமன், 8 மி.மீ. நீளம், நீண்ட விளிம்புகளைத் துண்டிக்கும் வசதி இயக்கத்தில், ஒவ்வொரு துண்டையும் அதனதன் பொருத்தத் தளத்துக்கு வீழ்த்தும் வசதி நிறுத்தத்தில் என்ற அமைப்பில்தான் பள்ளம் பள்ளமாகவும் கோடு கோடாகவும் வந்தன. பின்னதை நிறுத்தாவிட்டால், நான் பாடுபட்டு நிறுத்திய தளத்தை மென்பொருள் தானே சற்றுத் திருப்பிவிடும்.

அப்படியும் இரட்டைக் கோடு முழுமையாகத் தீரவில்லை. ஆகவே நான்காவது முயற்சியில் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். அடர்த்தி பார்த்து வெட்டிய மெஷ்ஷிலிருந்து மெஷ்லேப் தரும் ஒற்றைக் கோடு வரைபடத்துக்கு, 4 மி.மீ. புள்ளிப்பட்டை அதன் அடியில் சாட்சிக்கு. மெஷ்ஷின் கோடு எங்கெல்லாம் புள்ளிப்பட்டையை விட்டு வெளியே போகிறதோ, அங்கெல்லாம் புவாசோன் மூலையை மழுக்கியிருக்கிறது என்று பொருள். அந்த மூலைகளை மட்டும் புள்ளிகளைப் பார்த்துக் கையால் திருத்தினேன். மொத்தம் ஒன்பது மூலைகள்.

கல்வெட்டைப் பற்றி ஒரு குறிப்பு. தளம் எழுத்தின் நடுவே போனால் கோட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டு விழும். அதை வரைபடத்தில் துடைத்துவிடச் சொன்ன நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. தளத்தை இரண்டு எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றுக் கல்லுக்கு நகர்த்துவதே முறை. நான் 35 மி.மீ. கிழக்கே நகர்த்தினேன்.

கோடு கிடைத்தபின் அதை எளிமையாக்கும் கட்டத்தில்தான், இவ்வளவு பாடும் வீணாகிவிடும் ஆபத்து இருக்கிறது. மெஷ்லேபிலிருந்து வரும் கோட்டில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் இருக்கும். அதை டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாக்கி, க்யூஜிஐஎஸ் என்ற நிலவரைபட மென்பொருளில், தேவையற்ற புள்ளிகளை நீக்கும் டக்ளஸ்–பாய்க்கர் முறைப்படி குறைக்கலாம். 1973இல் வெளிவந்த அந்த முறை இன்றும் மிக நன்றாக வேலை செய்கிறது. (ஏற்றுமதிக்கு முன் மாதிரியைத் திருப்பி, வெட்டுத்தளத்தைக் கிடைமட்டமாக்க மறக்கக்கூடாது. இல்லையென்றால் திறந்தவுடன் ஒரு நேர்கோடு மட்டுமே தெரியும்.) 1:10 வரைபடத்தில் 0.25 மி.மீ. பேனாக்கோடு கல்லில் 2.5 மி.மீ. அகலத்தை மறைக்கும் என்பதால், 1 மி.மீ. சகிப்பளவு (கோடு விலகலாம் என்ற எல்லை) தாராளமாகப் போதும் என்று எண்ணினேன். மூலப்பகுதியின் முப்பட்டைக் குமுதத்துக்கு அது மிகப் பொருத்தமாக இருந்தது. ஆனால் முன் மண்டபத்தின் குமுதம் உருள் வடிவம். 140 மி.மீ. ஆரமுள்ள அந்த அரைவட்டம், 1 மி.மீ. சகிப்பில் சுமார் 13 நேர்கோடுகளாகி, பட்டை பட்டையாகச் செதுக்கிய குமுதத்தைப்போல ஆகிவிட்டது. சரி, இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளின் எளிமையாக்கும் கட்டளையைப் பயன்படுத்தலாம் என்றால், அது வளைவுகளால் இழைப்பதால் உருள் குமுதத்தை அழகாக வைத்துக்கொண்டு, முப்பட்டையின் முனைகளை உருட்டிவிடுகிறது.

ஒரு கருவி உருளைப் பட்டையாக்குகிறது, மற்றது பட்டையை உருளாக்குகிறது. அதிட்டானத்தின் வகையை அடையாளம் காணக் குமுதத்தின் வடிவத்தைத்தானே முதலில் பார்க்கிறோம்? அந்த ஒன்றையே மாற்றிக் காட்டும் கோட்டை ஆவணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கோட்டை ஒவ்வொரு மூலையிலும் வெட்டித் தனித்தனித் துண்டாக்கினேன். மூலைப் புள்ளிகளை அசையாமல் வைத்து, நேர்த்துண்டுகளை 1 மி.மீ. சகிப்பில் குறைத்தேன். உருள் குமுதத்துக்கு மட்டும் புள்ளிகளோடு ஒட்டி லிப்ரேகேட் வரைபட மென்பொருளில் ஒரு வட்ட வில்லைப் பொருத்தினேன். வில் கல்லோடு ஒட்டாத இடம், அதாவது முகப்பில் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த பகுதி, தேய்ந்தபடியே கோடாக இருக்கிறது. மூலக்கோட்டையும், குறைக்காமல், சாம்பல் நிறத்தில் தனி அடுக்காக வைத்திருக்கிறேன்.

இதே முறையில் அடுத்துப் போதிகைகளை (தூண் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் கற்களை) எடுக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. போதிகையின் வடிவ மாற்றத்தைக் கொண்டு தமிழகக் கோயில்களின் காலத்தை வரிசைப்படுத்தலாம் என்பதை பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் 1914இலேயே விளக்கியிருக்கிறார். மண்டபத்துக்குள் வெட்டுப் போதிகைகளும் பூமொட்டுப் போதிகைகளும் அடுத்தடுத்த தூண்களில் இருக்கின்றன. அவற்றின் வெட்டுக்கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் உள்ளே வெளிச்சம் போதாது. ஒளி சிதறும் இரண்டு எல்இடி பலகைகளுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் இந்த அதிட்டானத்திலேயே வேலை மீதமிருக்கிறது. முற்றத்தைச் சிமெண்டால் உயர்த்தியபோது ஜகதிக்குக் கீழுள்ள உபானத்தின் பெரும்பகுதி புதைந்துவிட்டது. தென்மேற்கு மூலையில் மழைநீர் போகக் காரையை உடைத்த இடத்தில் மட்டும் அதன் விளிம்பு தெரிகிறது. குருக்கள் ஐயாவிடம் கேட்டதற்கு, அந்த இடத்தில் மண்ணைச் சற்று விலக்கிப் படம் எடுத்துக்கொண்டு மூடிவிடலாம் என்று நிர்வாகத்திடம் சொல்லி வைத்திருக்கிறார். வடக்கே கோமுகி பிதுங்கும் இடத்தையும் அன்றே எடுத்துவிடுவேன். அதுவரை உபானம் விட்டுக்கோடாகத்தான் இருக்கும்.