கிரையோ எஞ்சினும் தொட்டிக்குள் இருக்கும் பம்பும்

இஸ்ரோவின் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடுவது) கிளம்பிய ஜிஎஸ்எல்வி ராக்கெட், மூன்றாம் கட்டத்தில் கைவிட்ட நாட்கள் இரண்டு: 2010 ஏப்ரல் 15, 2021 ஆகஸ்ட் 12. இரண்டு விசாரணையும் போய் நின்ற இடம் ஒன்றே. ஹைட்ரஜன் தொட்டிக்குள்ளேயே பொருத்தியிருக்கும் எரிபொருள் பூஸ்டர் டர்போ பம்ப்.

அது எதற்கு? திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில், கொதிநிலையின் விளிம்பிலேயே இருக்கும். வேகமாகச் சுழலும் பிரதான பம்ப் நேரடியாக உறிஞ்சினால், வாயிலில் அழுத்தம் இறங்கி திரவம் குமிழியாகிவிடும்; குமிழியை பம்ப் தள்ளாது. தொட்டியின் அழுத்தத்தைக் கூட்டிவிடலாமே என்றால் சுவர் தடிமனாகும், எடை ஏறும். ஆயிரம் லிட்டர் ஹைட்ரஜன் எழுபது கிலோ சொச்சம்தான் என்பதால் தொட்டி ஏற்கெனவே பெரியது. அதனால்தான் முதலில் கொஞ்சம் அழுத்தம் ஏற்றிக் கொடுக்க இந்தச் சிறிய பம்ப்.

2010-இல் எஞ்சினில் பற்றவைப்பு நடந்தது. பூஸ்டர் பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை போய், அடுத்த சில நொடிக்குள் நின்றுவிட்டது. சீல் இறுகி சுழலி பிடித்துக்கொண்டது, அல்லது டர்பைன் உறை வெடித்தது என இரண்டு சாத்தியங்கள் சொன்னார்கள். குளிரில் ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு அளவு சுருங்கும். அறை வெப்பத்தில் சரியாக இருந்த இடைவெளி அங்கே இருக்காது. பேரிங் இடைவெளியும் உறையும் மாற்றப்பட்டன. மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோவின் சோதனை மையத்தில் வெற்றிடச் சூழலில் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்த பிறகே, 2014 ஜனவரி 5-இல் ஜிஎஸ்எல்வி-டி5 பறந்து வென்றது.

2021-இல் கோளாறு பம்பில் தொடங்கவில்லை. தொட்டியின் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு கசிந்தது. பற்றவைக்கும் நேரத்தில் தொட்டி அழுத்தம் போதவில்லை, பம்ப் தடுமாறியது, ராக்கெட்டின் கணினி 307-ஆவது விநாடியில் பயணத்தைக் கைவிட்டது. வால்வின் மென்மையான சீல் சேதமடைந்திருக்கலாம் என்றது விசாரணைக் குழு: வால்வு இயங்கும்போதோ, தூசாலோ, குளிரில் பொருத்துமிடம் இழுபட்டதாலோ.

என் பார்வையில் இதற்குச் செய்த தீர்வுகளில் முக்கியமானது, வால்வை வலுப்படுத்தியதைவிட, எஞ்சின் தொடங்குமுன் தொட்டிக்குத் தேவையான அழுத்தத்தை ஏற்றித் தரும் தனி ஏற்பாடுதான். ஒரு சீல் நூறு சதவீதம் இறுக்கமாக இருக்கும் என்று நம்பி மொத்தப் பயணத்தையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. 2023 மே 29-இல் ஜிஎஸ்எல்வி-எஃப்12, என்விஎஸ்-01 செயற்கைக்கோளைச் சரியாகச் சேர்த்தது.